கோட்டைச் சுவரடியில் கிடைத்த கணைமுனை

ஐரோப்பாவின் பழங்கோட்டைகளை அகழ்ந்து பார்க்கும் புதைபொருள் ஆராய்ச்சியாளருக்கு அடிக்கடி அகப்படும் பொருள்களில் ஒன்று, விரல் நீளமே உள்ளதும், நாலு பட்டை கொண்டதும், துருவேறிக் கருத்ததுமான இரும்பு முனை. குறுக்குவில்லின் கணையில் மரத்தண்டும் சிறகும் மண்ணோடு மண்ணாகிவிட, எஞ்சுவது அது ஒன்றே. துருவை நீக்கிப் பார்த்தால், தண்டைச் செருகும் குழலில், தகட்டை வளைத்த கொல்லன் இரு விளிம்பையும் ஒட்டிய கோடு சில முனைகளில் புலப்படும். நுனி மழுங்கியோ மடங்கியோ இருந்தால், அது கற்சுவரில் மோதி விழுந்தது என்று ஊகிக்க இடமுண்டு.

1139-ஆம் ஆண்டில் ரோமாபுரியில் கூடிய இரண்டாம் லாட்டரன் சபை, குறுக்குவில்லாளர், வில்லாளர் வித்தையைக் கிறிஸ்தவர்மீது பிரயோகிக்கலாகாது என்று விதித்தது. அரசர்கள் அதைச் சிறிதும் லட்சியம் செய்யவில்லை. பாலஸ்தீனத்தில் ஜாஃபா யுத்தத்தில் குறுக்குவில் வீரரைக் கொண்டே சலாவுதீனின் குதிரைப்படையைத் தடுத்து நின்ற இங்கிலாந்து மன்னன் ரிச்சர்ட், 1199 மார்ச் 26 அன்று, பிரான்ஸின் ஷாலூ என்னும் சிறு கோட்டையை முற்றுகையிட்டிருந்தபோது, கவசமின்றிச் சுவரருகே உலாவிய வேளையில், அதே ஆயுதத்தால் தோளில் அடிபட்டு, ரணம் அழுகி ஏப்ரல் 6-இல் மாண்டான். சரித்திரகாரர் இந்த ஒரு கணையைப் பற்றியே ஓயாமல் எழுதினார்கள். கணை செய்யும் கொல்லரைப் பற்றி எழுதக் காணோம் என்பது என் குறை.

அத்தகைய கொல்லன் ஒருவனை இங்கிலாந்து அரசாங்கக் கணக்கேடுகள் காப்பாற்றி வைத்திருக்கின்றன. வேல்ஸ் எல்லையருகே டீன் வனத்தில், இரும்புத் தாதுவும் அடுப்புக்கரியும் ஒருங்கே கிடைத்தமையால், செயின்ட் பிரியாவெல்ஸ் கோட்டை கணைத் தொழிலுக்குத் தலைமையிடமாயிற்று. மூன்றாம் ஹென்றியின் காலத்தில் அங்கே உலை வைத்திருந்த ஜான் மாலமோர்ட் என்பவன் நாளொன்றுக்கு நூறு கணை என்ற விகிதத்தில் செய்து கொடுத்தான். வில்லை ஒரு காலால் மிதித்து இழுப்பதா, இரு காலாலும் மிதித்து இழுப்பதா என்பதைப் பொறுத்துக் கணையின் அளவும் மாறும்; ஆகையால் எந்த வில்லுக்கு எந்தக் கணை என்பதையும் அவன் கருத வேண்டியிருந்தது. ஹென்றியின் தகப்பன் ஜான் மன்னனிடம் 1215-இல் பிரபுக்கள் பெற்ற மகா சாசனம், அந்நிய நாட்டுக் குறுக்குவில் வீரரை நாட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்று கூறிற்று. வீரரை அகற்றச் சொன்ன தேசத்திலேயே, அந்த அரசனின் மகன் செலவில் கணைகள் ஆயிரக்கணக்கில் வார்ப்புப் பட்டறையிலல்ல, சம்மட்டியடியில் ஒவ்வொன்றாக உருவாகிக்கொண்டிருந்தன.