சவுத் பெண்டில் செய்த வண்டி

போன வருஷம் ஏப்ரல் மாதம் ஒரு பழைய டிராக்டர் வாங்கினேன். டிராக்டர் என்றதும் நம்மூர் மாஸி ஃபெர்குசனை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது என் இடுப்பு உயரம்தான் இருக்கும். சிவப்பு நிறம், அதில் பாதி துரு. 450 டாலர். இந்தியானா மாநிலத்தின் வடக்கே ஒரு சிற்றூரில், எழுபது வயது தாண்டிய ஒருவர் தன் கொட்டகையைக் காலி செய்துகொண்டிருந்தார். வாடகை டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினேன். மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "ஏங்க, இது ஓடுமா?"

ஓடவில்லை. அதைச் சொல்லித்தான் வாங்கியிருந்தேன்.

முதலில் இது என்ன வண்டி என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் புல் வெட்ட உட்கார்ந்து ஓட்டும் சிறு வண்டிகள் பலர் வீட்டில் உண்டு. அவை லான் டிராக்டர். தகட்டை மடித்துச் செய்தவை, புல் வெட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. நான் வாங்கியது கார்டன் டிராக்டர். உருவத்தில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் இதில் கலப்பை பூட்டி மண்ணை உழலாம். முன் அச்சும் கியர் பாக்ஸும் வார்ப்பிரும்பு. பனி தள்ளும், மரக்கட்டை இழுக்கும். இரண்டு பேர் சேர்ந்தாலும் தூக்க முடியாது. முதல் நாள் தூக்க முயன்று இடுப்பு பிடித்துக்கொண்டதால் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

என் வண்டியின் பெயர் வீல் ஹார்ஸ் 854. இந்த எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் இந்தப் பைத்தியத்தின் ஆரம்பம். முதலில் வரும் 8 குதிரைத்திறன். கடைசியில் வரும் 4 என்பது 1964-ஆம் ஆண்டு மாடல் என்பதற்கு. 702 என்றால் 7 குதிரைத்திறன், 1962. 1054 என்றால் 10 குதிரைத்திறன், 1964. எஞ்சின் கோலர் கம்பெனியின் கே181. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது: 18 என்பது ஏறத்தாழ எத்தனை கன அங்குலக் கொள்ளளவு என்பது, கடைசி 1 என்பது ஒற்றை சிலிண்டர். கோலர் என்றால் நமக்கெல்லாம் குளியலறைக் குழாயும் வாஷ்பேசினும்தானே? அதே கோலர்தான். ஆஸ்திரியாவில் இருந்து வந்த ஜான் மைக்கேல் கோலர் 1873-இல் தொடங்கிய வார்ப்படத் தொழில். 1883-இல் குதிரைக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்கு எனாமல் பூசி, நான்கு கால் வைத்தால் குளியல் தொட்டியாகவும் ஆகும் என்று விற்றாராம். இரும்பை உருக்கி ஊற்றத் தெரிந்தவர்களுக்குத் தொட்டியும் ஒன்றுதான், எஞ்சினும் ஒன்றுதான் போல.

இந்த மாதிரிச் சின்ன டிராக்டர்களுக்கு ஒரு முன்கதை உண்டு. மேற்கு வர்ஜீனியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கிரேவ்லி என்று ஒரு புகைப்படக்காரர் இருந்தார். தோட்டத்தைக் கொத்தி அலுத்துப்போய், மோட்டார் சைக்கிள் பாகங்களை வைத்து ஒற்றைச் சக்கர மோட்டார் கலப்பை செய்து, 1916-இல் காப்புரிமை வாங்கினார். அதன்பின் வந்த பல வண்டிகளும் பின்னால் நடந்துகொண்டு ஓட்டுபவையே. ஏர் பிடிக்கிற மாதிரிதான், மாட்டுக்குப் பதில் எஞ்சின்.

இரண்டாம் உலகப் போர் காலத்தில் அரசு சொல்லி ஜனங்கள் கொல்லையில் காய்கறி போட்டார்கள். அந்த "வெற்றித் தோட்டங்கள்" சுமார் 2 கோடி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. போர் முடிந்தது. 1944-இல் வந்த படைவீரர் சட்டத்தின் தயவில் வீட்டுக்கடன் சுலபமாகக் கிடைத்தது. புறநகர்கள் முளைத்தன. இந்த இடத்தில் எல்லாரும் நியூயார்க் பக்கத்து லெவிட்டவுனை எடுத்துக்காட்டுவார்கள். எனக்கு அது பொருந்தவில்லை. அங்கே மனை 60-க்கு 100 அடி, அதற்கு டிராக்டர் எதற்கு? இந்த வண்டியின் வாடிக்கையாளர் இந்தியானா, ஒஹையோ, விஸ்கான்சின் பக்கத்து ஊர் ஓரங்களில் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கியவர். பல பேர் பண்ணையில் பிறந்து தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர்கள். நிலத்தை விட்டு வந்தாகிவிட்டது, ஆனால் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் போடாமல் கை சும்மா இருக்காது. அவர்களுக்கான அளவுக்குச் சுருக்கிய டிராக்டர் இது.

1946-இல் எல்மர் பாண்ட், அவர் மகன் செசில் பாண்ட் இருவரும் சவுத் பெண்டில் தொழிலைத் தொடங்கினார்கள். முதலில் பாண்ட் என்ற பெயரிலேயே விற்றார்கள். எல்மரின் சகோதரர் ஹெரால்டும் இதே தொழிலில்தான் இருந்தார். ஸ்பீடெக்ஸ் வண்டிகள் அவருடையவை. குடும்பப் பெயர் மோதியதால் இவர்கள் வீல் ஹார்ஸ் என்று மாற்றிக்கொண்டார்கள். நான்கு குதிரை பூட்டிய வண்டியில் சக்கரத்தை ஒட்டிப் பூட்டும் குதிரைக்கு அந்தப் பெயர். மேட்டில் பாரம் முழுக்க அதன் மேல்தான், சரிவில் வண்டியை அடக்கிப் பிடிப்பதும் அதுதான். நல்ல பெயர். நடந்து ஓட்டும் வண்டியில் தொடங்கி, 1950-களில் உட்கார்ந்து ஓட்டும் வண்டிக்கு வந்தார்கள். கியர், டிஃபரன்ஷியல், பின் அச்சு மூன்றையும் ஒரே வார்ப்பில் அடக்கி யூனி-டிரைவ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். என் வண்டி இன்னும் நகர்வது அதனால்தான்.

பெரிய ஆட்கள் அதற்குப் பிறகுதான் வந்தார்கள். இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனி 1960-இல் கப் கேடட்டை இறக்கியது. ஜான் டியர் 1963-இல் 110-ஐக் கொண்டுவந்தது. 1969 முதல் 1971 வரை பானெட்டையும் சீட்டையும் மஞ்சள், ஆரஞ்சு, நீலம், சிவப்பு என்று வீட்டம்மாவுக்குப் பிடித்த நிறத்தில் தருகிறோம் என்றுகூட ஜான் டியர் முயன்று பார்த்தது. பச்சையை விட்டு வாங்க ஆளில்லை. அன்று விலை போகாத அந்த நிறங்களைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள்.

சேகரிப்பாளர்கள் என்றேன் அல்லவா. அவர்களிடம் நான் போய்ச் சேர்ந்தது என் முட்டாள்தனத்தால்.

பின் சக்கர ஹப்பைக் கழற்ற வேண்டியிருந்தது. அரை நூற்றாண்டாக அச்சோடு ஒட்டிக்கிடந்தது. கடையில் ஒரு புல்லர் வாங்கி, மூன்று கொக்கியையும் ஹப்பின் விளிம்பில் மாட்டி, நீளமான ஸ்பேனரால் இறுக்கினேன். டக்கென்று சத்தம். வந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டால், விளிம்பில் ஒரு துண்டு உடைந்து கையில் நின்றது. வார்ப்பிரும்பு வளையாது, உடையும். நம்மூரில் எந்த லேத் பட்டறைப் பையனைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பான்.

ஒரு சனிக்கிழமை பக்கத்து மாவட்டப் பொருட்காட்சித் திடலில் பழைய எஞ்சின் கண்காட்சி நடப்பதாகத் தெரிந்தது. உடைந்த துண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். வரிசையாக நாற்பது, ஐம்பது கார்டன் டிராக்டர்கள். அவற்றுக்குப் பக்கத்தில் மடக்கு நாற்காலிகளில் பெரியவர்கள். கூட்டத்தில் மாநிறத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான், கொஞ்சம் தயக்கமாகத்தான் இருந்தது. ஒருவரிடம் போய்ப் பையிலிருந்து துண்டை எடுத்துக் காட்டினேன். அவர் பக்கத்து நாற்காலிக்காரரைக் கூப்பிட்டார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று பேரும் துண்டைப் பார்த்துச் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தாங்கள் உடைத்த ஹப் கதையைச் சொன்னார்கள். முதலில் செட் ஸ்க்ரூவை எடுக்கணும். துரு இளக்கும் எண்ணெயைத் தினமும் ஊற்றி ஒரு வாரம் விடணும். விளிம்பில் கொக்கி மாட்டக் கூடாது, சக்கர போல்ட் துளைகளில் தடித்த இரும்புத் தகட்டைப் பூட்டி நடுவில் அழுத்தணும். இறுக்கிவிட்டு வீட்டுக்குள் போய்ச் சாப்பிட்டுத் தூங்கணும். காலையில் தானாக விட்டிருக்கும். அந்த மூவரில் ஒருவர், பெயர் சொல்ல வேண்டாம் என்றார், தன் வண்டியின் பின்னால் கிடந்த பழைய ஹப் ஒன்றை எடுத்து நீட்டினார். காசு வாங்கவில்லை. "அடுத்த தடவை யாராவது துண்டோடு வந்தால் நீ கொடு" என்றார்.

பென்சில்வேனியாவில் ஆரெண்ட்ஸ்வில் என்ற ஊரில் ஜூன் மாதம் வீல் ஹார்ஸ்காரர்கள் மட்டும் கூடும் பெரிய கண்காட்சி உண்டு. அதற்கு இன்னும் போகவில்லை. ஆனால் இந்தச் சின்னத் திடலுக்கு இப்போது தவறாமல் போகிறேன். அங்கே கற்றுக்கொண்டதில் முக்கியமானது, எதையும் கழற்றும் முன்னால் படம் எடு, எதையும் தேய்க்கும் முன்னால் படித்துப் பார் என்பது.

அதனால்தான் பானெட்டின் உள்பக்கத்தைப் பார்த்தேன். உப்புத்தாள் எல்லாம் வாங்கி, தேய்த்து, புதுச் சிவப்பு அடிக்கத் தயாராக இருந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே பென்சில் எழுத்து. ஆயில் மாற்றிய மாதங்கள்: மே 67, ஆகஸ்ட் 67, ஏப்ரல் 68. இதைப் பழைய வண்டிகளில் நிறையப் பார்க்கலாம். ஆனால் இதன் கீழே வேறொரு பட்டியல் இருந்தது. பெயரின் முதலெழுத்துகள், பக்கத்தில் 4, 5, 3 என்று எண்கள். ஓரிடத்தில் "சர்ச்" என்று எழுதி, எண்ணுக்குப் பதில் ஒரு கோடு. 1974 வரை போகிறது.

விற்றவருக்குப் போன் போட்டேன். படம் அனுப்பினேன். கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் பேச்சில்லை. "அப்பாவோட கையெழுத்து" என்றார். உள்ளே எழுதியிருப்பது அவருக்கே தெரியாது.

அவர் சொன்னதை எழுதுமுன் அந்த ஊரைப் பற்றிச் சொல்லணும். செயின்ட் ஜோசஃப் ஆறு தெற்கே வந்து திரும்பும் வளைவில் இருப்பதால் சவுத் பெண்ட். ஜேம்ஸ் ஆலிவரின் கலப்பைத் தொழிற்சாலை இங்கேதான் இருந்தது. வார்ப்பு இரும்பைச் சட்டென்று குளிரவைத்து மேற்பரப்பைக் கடினமாக்கும் முறையில் செய்த கொழு அது. ஸ்டூடிபேக்கர் சகோதரர்கள் 1852-இல் கொல்லுப் பட்டறை வைத்ததும் இங்கேதான். குதிரை வண்டி செய்தார்கள், உள்நாட்டுப் போரில் ராணுவத்துக்கு விற்றார்கள், 1902 முதல் கார். கலப்பையும் வண்டியும் நூறு வருஷமாகச் செய்த ஊரில் குட்டி டிராக்டர் பிறந்ததில் ஆச்சரியம் இல்லை. வார்ப்புக்கும் கடைசலுக்கும் கை பழகிய ஆட்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள்.

1963 டிசம்பர் 9-ஆம் தேதி, சவுத் பெண்டில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக ஸ்டூடிபேக்கர் அறிவித்தது. அந்த மாதமே கடைசிக் கார் வெளியே வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால். பென்ஷன் நிதியில் எல்லாருக்கும் கொடுக்கப் பணம் இல்லை. ஏற்கெனவே ஓய்வு பெற்றவர்களும் 60 வயதைக் கடந்தவர்களுமாகச் சுமார் 3,600 பேருக்கு முழுதாகக் கிடைத்தது. 40-க்கும் 59-க்கும் இடைப்பட்ட சுமார் 4,000 பேருக்கு வரவேண்டியதில் ஏறத்தாழ 15 சதவீதம், ஒரே தடவையாக. இவர்களின் சராசரி வயது 52, சராசரி வேலை 23 வருஷம். அதற்கும் இளையவர்களுக்கு ஒன்றுமில்லை. தனியார் ஓய்வூதியங்களைக் காக்க 1974-இல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. அதற்கான விவாதங்களில் ஸ்டூடிபேக்கர் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. சட்டம் நல்ல சட்டம். சவுத் பெண்ட்காரர்களுக்குப் பத்து வருஷம் தாமதம்.

விற்றவரின் அப்பா அந்த நடு வரிசையில் இருந்தவர். பிறகு வேறொரு பட்டறையில் குறைந்த சம்பளத்துக்கு வேலை. 1966-இல் பக்கத்து வீட்டுக்காரர் இந்த 854-ஐயும் ஒரு கலப்பையையும் விற்றபோது வாங்கிப்போட்டார். வசந்த காலத்தில் சாயங்காலமும் சனிக்கிழமையும் அக்கம்பக்கத்துத் தோட்டங்களை உழுது கொடுப்பார். "எங்களுக்கு அது அப்பாவோட பொழுதுபோக்குன்னு நினைச்சேன்" என்றார் மகன். "காசு வாங்கினார்னே தெரியாது."

ஆராய்ச்சி என்ற வகையில் இதற்குப் பெரிய மதிப்பில்லை என்று எனக்குத் தெரியும். ஒரு மகனின் ஞாபகம், ஒரு தகட்டில் பென்சில். கூட்டிப் பார்த்தேன், படிக்க முடிந்தவரை எட்டு வருஷத்தில் 412 டாலர். ஆனால் இந்த வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாம், ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டும் புறநகர்ச் சொகுசு என்றே எழுதுகிறார்கள். விளம்பரப் படங்களைப் பார்த்து எழுதினால் அப்படித்தான் வரும். இதே வண்டி இன்னொரு வீட்டில் கூலி உழவுக்குப் போயிருக்கிறது.

வீல் ஹார்ஸின் பின்கதை சுருக்கம்தான். 1974-இல் அமெரிக்கன் மோட்டார்ஸ் வாங்கியது, 1982-இல் கைவிட்டது, 1986-இல் டோரோ வாங்கியது. 2007-க்குப் பிறகு பெயரும் இல்லை. அதற்குள் கொல்லையில் உருளைக்கிழங்கு போடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். புல் மட்டும்தான் மிச்சம், அதற்குத் தகட்டு வண்டி போதும்.

பெயின்ட் விஷயத்தில் திடலில் இரண்டு கட்சி. தொழிற்சாலையில் இருந்து வந்த மாதிரி பளபளப்பாக்கணும் என்பது ஒன்று. துருவோடு எண்ணெய் பூசி அப்படியே விடணும் என்பது இன்னொன்று. ஹப் கொடுத்த பெரியவர் முதல் கட்சி. அவர் வண்டிகளில் முகம் பார்த்துத் தலை வாரலாம். பானெட்டின் படத்தைக் காட்டியபோது கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, இதைத் தொடாதே" என்றார். சக்கரங்களை மட்டும் அடித்துக்கொள்ள அனுமதி கிடைத்திருக்கிறது.

எஞ்சின் ஆகஸ்டில் ஓடிவிட்டது. பாயின்ட் சுத்தம் பண்ணி, கார்புரேட்டரைக் கழுவி மாட்டியதும் நாலாவது முயற்சியில் பிடித்துக்கொண்டது. மனைவி ஜன்னலைச் சாத்தினாள். பின் அச்சில் மட்டும் எண்ணெய் கசிகிறது. சீல் மாற்றணும், அதற்கு மறு பக்கத்து ஹப்பையும் கழற்றியாகணும். தினமும் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்கிறேன். கழற்றும் அன்று தான் வந்து பக்கத்தில் நிற்பதாகப் பெரியவர் சொல்லியிருக்கிறார். அதுவரை புல்லரைத் தொடக் கூடாதாம்.