தோள்பட்டியின் பெறுமதி: ஜாரிய ருஷியாவின் சரிகைச் சின்னங்கள் பற்றிய ஒரு குறிப்பு

பழைய இராணுவச் சின்னங்களைச் சேகரிப்போரிடையே, ஜாரிய ருஷிய அதிகாரிகளின் சரிகைத் தோள்பட்டிகளுக்கு உயர்ந்த மதிப்புண்டு. சோடி குலையாதிருத்தல், சரிகை கறுக்காதிருத்தல், பழுதின்மை என்பன அவர்கள் வேண்டும் தகைமைகள். அருமையே விலையை நிருணயிக்கின்றது. அவ்வருமை எவ்வாறு தோன்றியது என்ற வினா ஏல நிரல்களில் எழுவதில்லை.

தொடக்கத்தில் தோள்பட்டி வெறும் உபயோகப் பொருளே. மகா பீற்றரின் படையில், தோட்டாப்பையின் வார் நழுவாதிருக்கவே அது தைக்கப்பட்டது. 1807இல் அதிகாரிகளுக்குக் குஞ்சங் கட்டிய தோளணி வந்தது; 1827இல் அதன்மீது நட்சத்திரங்கள் தரத்தைச் சுட்டலாயின; 1854 முதல் சரிகைப் பட்டி வழக்கேறியது. பொன்முலாமிட்ட வெள்ளியை நுண்கம்பியாக இழுத்து, தட்டையாக்கி, பட்டுநூலிற் சுற்றிப் பெறுவதே சரிகை. சக்கரவர்த்தியின் பெயரெழுத்து அதிகாரியின் பட்டியிலே சரிகையாற் பின்னப்பட்டது. சாதாரண சிப்பாயின் துணிப்பட்டியிலே அச்சுத்தகடு வைத்துச் சாயத்தாற் பூசப்பட்டது. ஒரே எழுத்து, இரு வர்க்கங்கள்! பட்டியைத் தைத்த தொழிலாளியைப் பற்றி அது எதுவும் கூறாது. அணிந்தவனின் தரத்தை மட்டுமே கூறும்.

1917 மார்ச்சில் ஜார் முடிதுறந்தபின் இப்பெயரெழுத்துகள் அகற்றப்பட்டன. ஏப்பிரலில் கடற்படை தோள்பட்டிகளையே கைவிட்டது. டிசெம்பரில் மக்கள் கொமிசார் அவையின் ஆணை சகல இராணுவத் தரங்களையும் புறச்சின்னங்களையும் ஒழித்தது. உள்நாட்டுப் போரின்போது ‘பொற்றோளர்’ என்பது வெண்படையினரைக் குறித்த வசைச்சொல்லாயிற்று. மிகயில் புல்காக்கொவின் ‘வெண்படை’ நாவலிலே, கீவ் நகரம் வீழும் வேளையில், தோள்பட்டிகளைப் பிய்த்தெறியுமாறு தளபதியே இளம் வீரர்க்குக் கட்டளையிடுகின்றான். பட்டி உயிருக்கு ஆபத்தாகிவிட்ட கணம் அது. அக்காலத்தில் எரிக்கப்பட்டவையும் வீசப்பட்டவையும் போக எஞ்சியவையே இன்று ஏலத்துக்கு வருகின்றன. சேகரிப்பாளர் பணங்கொடுத்துப் பெறும் அருமை, அவர் பெரும்பாலும் விரும்பாத ஒரு புரட்சியின் விளைவாகும்.

பெயரெழுத்து நீக்கப்பட்ட பட்டியிலே ஊசித் துளைகளும், மங்காத சரிகையின் தடமும் எஞ்சி நிற்கும். சந்தை இதனைக் குறை என்கின்றது. வரலாற்று மாணவனுக்கோ முழுமையான பட்டியைவிட இதுவே பெறுமதி மிக்க ஆவணம். அத்துளைகளின்மேற் புதிய எழுத்தைத் தைத்து விற்போரும் உளர். புறவூதா ஒளியில் நூல் வெண்ணீலமாக ஒளிர்ந்தால், பிற்கால ஒளிர்ப்பூட்டி சேர்ந்த நூலென ஐயுற வேண்டும். போலியைக் கண்டறிவதற்கு இத்துணை நுணுக்கம் காட்டுவோர், அழிக்கப்பட்ட சான்றுக்காக வருந்துவதில்லை.

இவ்விடத்து முற்போக்காளர் தவிர்க்க விரும்பும் ஒரு செய்தியையும் கூறுதல் வேண்டும். 1935இல் செஞ்சேனையில் தனிநபர் தரங்கள் மீண்டன. 1943 ஜனவரி 6ஆந் திகதி ஆணையால் தோள்பட்டியும் மீண்டது. போர்க்காலத் தேவை என்ற விளக்கம் ஓரளவே பொருந்தும். போர் 1945இல் முடிந்தது. பட்டிகளோ சோவியத் ஒன்றியம் 1991இல் கலையும்வரை அகற்றப்படவில்லை.