மலைக்கு அந்தப் பக்கம் ஒரு நியாயம்



'சமூகக் கட்டுப்பாடுகளை உடைப்பது சட்டமா, மக்கள் மனமா?' இதுதான் தலைப்பு. எதிரணி நண்பர், "சட்டம் போட்டால் போதும், எல்லாம் மாறிடும்"னு அடிச்சுச் சொல்லிட்டு உட்கார்ந்துட்டார். நான் அவரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அழைச்சிட்டுப் போறேன். டிக்கெட் செலவு என்னோடது! (சிரிப்பு)

சுதந்திரத்துக்கு முன்னால் அந்தக் கணவாய்க்கு மேற்கே மன்னர் ஆண்ட திருவிதாங்கூர். கிழக்கே வெள்ளைக்காரன் ஆண்ட திருநெல்வேலிச் சீமை. இரண்டு பக்கமும் தமிழ். இரண்டு பக்கமும் பனைமரம். இரண்டு பக்கமும் நாடார் சமூக மக்கள். கட்டுப்பாடு மட்டும் ஒன்றா? இல்லீங்க!

மேற்கே, நாடார் குலப் பெண்கள் தோளில் மேலாடை போடக்கூடாது என்று 1829-இல் அரசாங்கமே அறிவித்தது. ஒரு பெண் மானத்தை மறைக்க அரசாங்கத்திடம் அனுமதி கேட்கணும்! கிழக்கே அப்படி ஒரு சர்க்கார் உத்தரவு கிடையாது. மேற்கே அந்தத் தாய்மார்கள் அடிபட்டார்கள், ஆடை கிழிபட்டார்கள், ஆனாலும் விடவில்லை. 1822 தொடங்கி முப்பத்தேழு ஆண்டுப் போராட்டம்! 1859-இல்தான் மன்னர் இறங்கி வந்தார். அப்போதும், "மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக்கூடாது" என்று ஒரு நிபந்தனை.

"அப்படியானால் கிழக்குச் சீமை நல்ல சீமை"னு நினைச்சிடாதீங்க. 1897-இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தார்கள். வழக்கு லண்டன் பிரைவி கவுன்சில் வரைக்கும் போச்சு. 1908-இல் தீர்ப்பு: நுழைய உரிமை இல்லை! ஆடைக்குத் தடை போடாத சீமை, ஆண்டவன் வாசலில் தடை போட்டது. தடுத்தது யார்? நண்பர் நம்புகிற அதே சட்டம்தானய்யா! (கைதட்டல்)

இப்போ இன்னொரு வேடிக்கை பாருங்க. இரண்டு பக்கத்திலும் கடுமையாக இருந்தது திருவிதாங்கூர். எந்தச் சாதி எத்தனை அடி தள்ளி நிற்கணும்னு கணக்கு வைத்திருந்த நாடு அது. அந்த நாடுதான் 1936 நவம்பர் 12-ஆம் தேதி, சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனத்தால், அரசின் கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் ஒரே நாளில் திறந்தது. சென்னை மாகாணத்தில் இருந்த குருவாயூரில் 1931-லேயே சத்தியாகிரகம் நடந்தது. கதவு திறந்தது 1947-இல்!

நண்பர் உடனே, "பார்த்தீங்களா, மன்னர் கையெழுத்துதானே திறந்தது" என்பார். ஐயா, கையெழுத்துக்கு முன்னால் நடந்ததைப் பாருங்க. 1893-இல் அய்யன்காளி வில்வண்டியில் ஏறி, தன் மக்கள் நடக்கக்கூடாத பொதுச் சாலையில் போனார். 1924-இல் வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம். நம் ஈரோட்டிலிருந்து பெரியார் போய்ச் சிறை புகுந்தார். இப்படி மக்கள் தட்டித் தட்டித் தளர்த்திய கதவைத்தான் மன்னர் திறந்தார். கோயில்கள் எல்லாம் அவர் கையில் இருந்ததால் ஒரே நாளில் திறந்தது. கிழக்கே ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு தர்மகர்த்தா, ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு வழக்கு. அதனால் தாமதம்.

கடைசியாக மதுரைக்கு வாங்க. 1939 ஜூலை 8. வைத்தியநாதய்யர் அரிசன சகோதரர்களையும் ஒரு நாடாரையும் அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அவர்களைப் பாதுகாக்கிற சட்டம் எப்போ வந்தது? போன பிறகு! கால் முதலில் போச்சு. சட்டம் பின்னால் ஓடி வந்தது. (பலத்த கைதட்டல்)

கட்டுப்பாடு மண்ணில் முளைப்பதில்லைங்க. ஒரு ஊரில் ராஜா காவல், ஒரு ஊரில் கோர்ட்டு காவல், ஒரு ஊரில் பக்கத்து வீட்டுக்காரன் காவல். அதனால்தான் ஊருக்கு ஊர் இறுக்கம் மாறுது. முதல் இரண்டு பேரையும் உத்தரவு போட்டு மாத்திடலாம். டீக்கடையில் இரண்டாவது டம்ளர் எடுத்து வைக்கிறவன் மனசை எந்த உத்தரவு மாத்தும்? அதை அந்த டம்ளரில் குடிக்க மாட்டேன்னு சொல்கிறவனும், 'நானும் குடிக்க மாட்டேன்'னு அவன் பக்கத்தில் நிற்கிறவனும்தான் மாத்தணும்.

ஆகவே, உடைப்பது மக்கள் மனமே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டு அமர்கிறேன்.