தீயில்லாத தீபம்

கரிபியன் கடலில், போர்ட்டோ ரீக்கோவுக்குக் கிழக்கே வியெகஸ் என்று ஒரு சின்னஞ் சிறு தீவு. அதன் தென்கரையில் ஒரு குடா. பெயரோ கொசுக் குடா! பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். உலகத்திலேயே மிகப் பிரகாசமாக ஒளிரும் கடல்நீர் அங்கேதான் இருக்கிறது என்கிறார்கள். நிலவில்லாத இரவில் துடுப்புப் போட்டால் நீல நெருப்புத் தெறிக்கும். மீன் ஓடினால் அதன் பின்னே ஒளிக்கோடு ஓடும்.

இந்த ஜாலத்தைச் செய்வது கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர். பைரோடினியம் என்று பெயர். 'சுழலும் நெருப்பு' என்று பொருள் சொல்லலாம். நீர் அசைந்தால் கண் சிமிட்டும் நேரம் மின்னிவிட்டு அடங்கிவிடும். கரையோரத்து அலையாத்திக் காட்டின் இலைகள் உதிர்ந்து மக்கி நீருக்கு உரமேற்றுகின்றன; குடாவின் குறுகிய வாய் இந்த உயிர்களைக் கடல் அடித்துச் செல்லாமல் தடுக்கிறது. ஆனாலும் எந்நாளும் ஒரே ஒளி இல்லை. பெருமழையில் நன்னீரும் சேறும் வந்து கலந்தால் ஒளி மங்கும்; வெயிலும் உப்பும் திரும்பினால் அதுவும் திரும்பும்.

ஒளி பிழைத்ததற்கு இருள் வேண்டுமல்லவா? அந்த இருளுக்குத்தான் ஒரு சரித்திரம் உண்டு. 1898-இல் ஸ்பெயினிடமிருந்து அமெரிக்கா வசம் வந்த தீவு அது. 1941 முதல் அமெரிக்கக் கடற்படை அங்கே நிலத்தை எடுக்கத் தொடங்கி, மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வளைத்துக்கொண்டது. கரும்புத் தோட்டக் கூலிகள் குடிசையை விட்டு நடுத்தீவுக்கு ஒதுங்கினார்கள். மேற்கே வெடிமருந்துக் கிடங்கு; கிழக்கே குண்டு வீசிப் பழகும் களம். பெரிய ஹோட்டல்களும் விளக்கு வரிசைகளும் அங்கே வராமல் போனதற்குப் பட்டாளமும் ஒரு காரணம். குடா இருட்டாகவே இருந்தது. அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் மட்டும் வேறு!

1978-இல் மீனவர்கள் சிறு படகுகளில் போய்ப் போர்க் கப்பல்களின் பயிற்சியை மறித்தார்கள். 1999-இல் குறி தவறிய குண்டு ஒரு காவலாளியின் உயிரைக் குடித்தது. அதன் பிறகு ஜனங்கள் குண்டு விழும் களத்திலேயே கூடாரம் அடித்து உட்கார்ந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 2003 மே 1-ஆம் தேதி கடற்படை பயிற்சியை நிறுத்தி வெளியேறியது.

2017 செப்டம்பரில் மரியா என்னும் சூறாவளி தீவைப் புரட்டிப் போட்டது. அலையாத்தி மரங்கள் முறிந்தன, குடா இருண்டது. இனி அவ்வளவுதான் என்று பலர் கைவிட்டார்கள். சில மாதங்கள் கழிந்தன. 2018-இல் துடுப்புப் பட்ட இடத்தில் மறுபடியும் நீலம் தெறித்தது.

சூறாவளி செய்த காயம் ஆறுவதற்குச் சில மாதங்கள் போதுமாக இருந்தன. கிழக்குக் கரையிலோ, கடற்படை போய்ப் பதினைந்து வருஷங்கள் ஆன பிறகும், வெடிக்காத குண்டுகளை ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.