ஏவாமற் செய்யும் தொண்டு

திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடையுமுன் உதியன்குளங்கரை என்னும் சிற்றூர் உள்ளது. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. இப்பகுதியில் வாழ்ந்த தமிழர்கள், தம் வீட்டை விட்டு ஓரடியும் பெயராமலே, உங்களைப் போன்று பிறமொழி மாநிலத்தில் வாழ்வோராயினர்.

இங்குள்ள இளைஞர் கல்லூரியின் முதலாண்டிற் புகுந்ததும் அவர்முன் ஓர் அழைப்பு வைக்கப்படுகிறது. அதுவே நாட்டு நலப்பணித் திட்டம். அத்திட்டம் பிறந்த வரலாறு, தொண்டினை ஏவிப் பெறலாகுமா என்னும் வினாவின் வரலாறாகும்.

டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948இல் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர் தொண்டு அவரவர் விருப்பத்தின்படி அமைதல் வேண்டும் என்று கருதியது. ஆயினும் பத்தாண்டுகளில் எண்ணம் மாறிற்று. 1959இல் சி. து. தேஷ்முக் தலைமையில் அமைந்த குழு, உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி புக விரும்பும் ஒவ்வொருவரும் ஒன்பது மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாயமாக நாட்டுப் பணி ஆற்ற வேண்டும் என்றது. அதற்காகும் பெரும் பொருளும், நடத்துவதன் அருமையும் அந்த யோசனையைத் தடுத்தன. அதன் பின்னர், பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கல்வியறிஞர் சையிதைன், விருப்பத் தொண்டே தக்கது என்று முடிவு கூறினார். சீனப் போருக்குப்பின் 1963இல் தேசிய மாணவர் படைப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. 1968இல் அக்கட்டாயமும் நீங்கிற்று.

இவ்வாறு இருபதாண்டுகள் ஆய்ந்த பின்னரே, காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள் இத்திட்டம் தொடங்கிற்று. தொடங்கி வைத்தவர் காஞ்சிபுரத்திற் பிறந்த பொருளாதார அறிஞரும் அந்நாளைய மத்தியக் கல்வியமைச்சருமான டாக்டர் வி. கே. ஆர். வி. ராவ். முப்பத்தேழு பல்கலைக்கழகங்களில் நாற்பதாயிரம் மாணவர் முதலிற் சேர்ந்தனர். 'எனக்காக அன்று, உனக்காக' என்பது இதன் குறிக்கோளுரை. 'சேவை' என்ற சொல்லை அப்படியே எடுத்தாளாமல் 'நலப்பணி' எனத் தமிழில் வழங்கியதும் பொருத்தமே. செய்பவனின் பணிவை முன்னது காட்டும்; பெறுபவரின் நலத்தைப் பின்னது காட்டும்.

நெய்யாற்றின்கரைக்கு இவ்வரலாற்றில் தனியுறவு உண்டு. அவ்வூரில் வாழ்ந்த ஜி. இராமச்சந்திரன், சாந்திநிகேதனத்திற் பயின்று காந்தியடிகளின் தொண்டரானவர். அவரும் அவர் துணைவியார் டாக்டர் டி. எஸ். சௌந்தரமும் 1947இல் திண்டுக்கல்லையடுத்த சின்னாளபட்டிக்கருகே காந்திகிராமத்தை நிறுவினர். மாணவர் கிராமத்திற்குச் சென்று உழைப்பதும் கல்வியின் கூறே என்பதை அந்நிறுவனம் செயலிற் காட்டிற்று. மலையாள மண்ணில் தோன்றியவர் தமிழ்க் கிராமத்திற்கு உழைத்தார். தொண்டிற்கு எல்லைக்கோடு இல்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இத்திட்டத்திற் சேர்பவர் ஆண்டுக்கு 120 மணி நேரமாக, ஈராண்டில் 240 மணி நேரம் பணியாற்றுதல் வேண்டும். ஏழு நாள் முகாமில் தங்குதலும் வேண்டும். குருதிக்கொடை, மரம் நடுதல், துப்புரவு எனப் பணிகள் பல. 1991 ஏப்ரல் 18ஆம் நாள் கேரளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டதற்குப் பின்னே பல்லாயிரம் தொண்டர்களின் உழைப்பு நின்றது. அவருள் மாணவரும் பலர்.

கட்டாயம் இல்லாத இடத்தில் ஆள் சேர்ப்பவர் யார்? ஆசிரியர் அறிவிக்கலாம்; சுற்றறிக்கை ஒட்டலாம். ஆனால் முதலாண்டு மாணவன் செவிசாய்ப்பது உடன் அமர்ந்திருக்கும் தோழனின் சொல்லுக்கே. ஞாயிறன்று குளம் தூர்வாரி வந்தவன் திங்களன்று வகுப்பிற் கூறும் சில சொற்கள் பத்துப் பேரைச் சேர்க்கும். தொண்டர்க்குக் கருணை மதிப்பெண் வழங்கும் வழக்கம் கேரளத்தில் உண்டு. ஊக்கம் தருதல் தவறன்று. எனினும் மதிப்பெண்ணே அழைப்பாகிவிடின், முன்வாயிலில் விலக்கிய கட்டாயம் வேறுருவிற் பின்வாயில் வழியே புகுந்ததாகும்.

பிற மாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோரே! உங்கள் மக்கள் கல்லூரியின் முதலாண்டில் இவ்வழைப்பைக் கேட்பார்கள். படிப்புக் கெடும் என்று தடுக்காதீர்கள். வாழும் மண்ணின் மொழியையும் மக்களையும் அறிய அம்மண்ணிற் குனிந்து பணி செய்வதினும் நல்ல பள்ளி இல்லை. அண்டை வீட்டார் மொழியில் நலம் வினவக் கற்றவன் அங்கே அயலானாக இரான்.