நானூறா, அறுநூறா? நெல்லைச் சீமையிலிருந்து ஒரு லென்ஸ் வரலாறு

ஆடி மாதம் சாரல் சீசனில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் போனவர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1992ல் 'ரோஜா' படத்தில் கதாநாயகியின் ஊராக வந்ததிலிருந்து அந்த ஊருக்குத் தனி மவுசு. சூரியகாந்தி பூத்துவிட்டால் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிற கூட்டமெல்லாம் வயல் வரப்பில்தான் நிற்கும். முன்பெல்லாம் எல்லோர் கையிலும் செல்போன் மட்டும். இப்போது நடுநடுவே பீரங்கி மாதிரி லென்ஸ் மாட்டிய ஆட்களையும் பார்க்கலாம். அவர்கள் பூவுக்காக வந்தவர்கள் இல்லை, குளத்து நாரைகளுக்காக வந்தவர்கள்.

நம் செட்டில் ஐந்து பேருக்கு இந்தப் பைத்தியம் முற்றிவிட்டது. ஒன்றுகூடல் முடிந்த கையோடு, தை மாதத்தில் முண்டந்துறைப் பக்கம் போவதாக ஏற்பாடு. அதற்கு எந்த டெலி ஜூம் வாங்குவது என்று ஆறு மாதமாகச் சண்டை. "என்னல, நானூறு போதுமா, அறுநூறு வேணுமா?" இதே கேள்விதான் சுற்றிச்சுற்றி வருகிறது. ஒரு கருவி எப்படி இந்த உருவத்துக்கு வந்தது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பது பாதி தெரிந்துவிடும் என்பது அடியேன் கட்சி. அதனால் கொஞ்சம் பின்னால் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். தற்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கும் இதில் கொஞ்சம் இயற்பியல் இருக்கிறது.

400 எம்.எம். குவியத்தூரம் உள்ள சாதாரண லென்ஸ் என்றால், வில்லைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் இருந்தாக வேண்டும். முன்னால் ஒரு குவி வில்லைத் தொகுதி, பின்னால் ஒரு குழி வில்லைத் தொகுதி வைத்தால் அந்த நீளத்தைக் குறைக்கலாம். இதுதான் 'டெலிஃபோட்டோ' என்பதன் உண்மையான அர்த்தம். 1891ல் இங்கிலாந்தில் டால்மேயர், ஜெர்மனியில் ஸ்டைன்ஹைல், மீத்தே என்று மூன்று பேர் தனித்தனியாக இதைச் செய்துகாட்டினார்கள்.

ஆனால் காட்டில் அது உடனே உதவிவிடவில்லை. ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன் 1920களில் புலியைப் படமெடுத்தது நேர் எதிர் வழியில். புலி நடக்கும் தடத்தில் கேமராவை வைத்து, குறுக்கே கம்பி கட்டி, புலியின் கால் பட்டதும் ஃப்ளாஷ் அடிக்கும்படி செய்தார். தூரத்தைக் கடக்க லென்ஸ் போதாது என்பதால், புலியையே கேமராவிடம் வரவைத்தார். 'வித் எ கேமரா இன் டைகர்லேண்ட்' என்ற அவர் புத்தகம் 1927ல் வந்தது. துப்பாக்கியோடு போவதுதான் பெருமை என்றிருந்த காலம் அது.

இப்போது நம்மூர்க்காரருக்கு வருவோம். மா. கிருஷ்ணன் 1912ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். படித்ததும் வாழ்ந்ததும் பெரும்பாலும் சென்னையில். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950ல் அவர் தொடங்கிய 'கன்ட்ரி நோட்புக்' பத்தி, 1996 பிப்ரவரியில் அவர் காலமாகும் வரை ஓடியது. நாற்பத்தாறு வருஷம்! 1970ல் பத்மஸ்ரீ. காட்டு யானைகளை அவர் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் நாடறிந்தவை. நாடறிந்தவை என்கிறேன், ஆனால் நெல்லையிலும் தென்காசியிலும் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும் என்று கேட்டுப் பாருங்கள். எனக்கே கல்லூரியை விட்டு வந்தபிறகுதான் தெரியும்.

அவர் வைத்திருந்த கேமரா கடையில் கிடைக்கிற சரக்கு அல்ல. அசாமில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த இயற்கை ஆர்வலர் இ.பி. ஜீ, 1964ல் வெளிவந்த தம் புத்தகத்தில் அதைப் பார்த்த கதையைக் கேலியாக எழுதியிருக்கிறார். கேமரா உடல் ஒரு கம்பெனி, டெலி லென்ஸ் வேறொரு கம்பெனி, மற்ற உதிரிகள் எல்லாம் எங்கெங்கிருந்தோ வந்தவை. கிருஷ்ணனே சேர்த்துப் பூட்டியது. ஷூ லேஸ் போட்டுக் கட்டியிருந்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்ய முடியாது என்கிற ரீதியில் போகிறது அந்த வர்ணனை. கிருஷ்ணன் அதற்கு வைத்த பெயர் 'சூப்பர் பாண்டரோசா'. கனத்தைக் கிண்டல் செய்கிற பெயர். ஒர்க்ஷாப்பில் காயலான் சாமான்களை வைத்து புராஜெக்ட் செய்து முடித்த நமக்கெல்லாம் இவர் குலதெய்வம் மாதிரி.

அந்தக் காலத்தில் வெளிநாட்டுச் சாமான் இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. கையில் கிடைத்ததை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும். அதோடு வெளிச்சப் பிரச்சினை. 1961ல் வந்த கோடாக்ரோம் 2 என்ற கலர் ஃபிலிமின் வேகம் 25 ஏ.எஸ்.ஏ. அதே சமயம் ட்ரை-எக்ஸ் என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு 400. பதினாறு மடங்கு வித்தியாசம். மர நிழலில் நிற்கும் யானையைக் கலரில் அரை வினாடி எடுத்தால், கறுப்பு வெள்ளையில் 1/32 வினாடி போதும். கிருஷ்ணன் கறுப்பு வெள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அழகுணர்ச்சியும் காரணமாக இருக்கலாம். பொறியாளனாகப் பார்த்தால், நீண்ட லென்ஸோடு காட்டுக்குள் போகிறவனுக்கு அதுதான் புத்திசாலித்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் நடந்தும், வளர்ப்பு யானை மேல் அமர்ந்தும் படமெடுத்தார். லென்ஸின் எட்டு குறைந்த அளவுக்கு மிருகத்தைப் பற்றிய அறிவு கூடுதலாக வேண்டும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கூட்டத்தில் குட்டி இருக்கிறதா, எப்போது பின்வாங்க வேண்டும், எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருந்தது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றி அவர் செய்த கணக்கெடுப்பைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1975ல் புத்தகமாகப் போட்டது. நமக்கு அந்த அறிவு கிடையாது. அதனால் 200 எம்.எம். லென்ஸை வைத்துக்கொண்டு மீதித் தூரத்தைக் காலால் நடந்து தீர்க்கலாம் என்று நம் செட்டில் ஒருவர் சொன்னதை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். யானைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து.

சரி, ஜூம் எப்போது வந்தது? சாதாரண கேமராவுக்கான முதல் ஜூம் 1959ல் வந்த ஃபோக்ட்லேண்டர் ஜூமர், 36-82 எம்.எம். அதே வருஷம் நிக்கானும் 85-250 கொண்டுவந்தது. ஏன் இவ்வளவு தாமதம்? மேல்பூச்சு இல்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத வெளிச்சம் பிரதிபலித்து வீணாகும். ஜூமுக்குப் பல வில்லைகள் வேண்டும். இருபது பரப்பு என்றால் 0.96ஐ இருபது முறை பெருக்கிப் பாருங்கள், 44 சதவீதம்தான் மிஞ்சும். 1935ல் ட்சைஸ் கம்பெனியில் ஸ்மக்குலா கண்டுபிடித்த மேல்பூச்சு வந்த பிறகுதான் இதற்கு வழி பிறந்தது. பிறகு 1995ல் கேனான் 75-300ல் கை நடுக்கத்தை ஈடுகட்டும் அமைப்பு வந்தது. 1998ல் அவர்களுடைய 100-400. 2013 கடைசியில் டாம்ரான் 150-600 வந்து, 600 எம்.எம். என்பதை நம் மாதிரி சம்பளக்காரர்களின் கைக்கும் எட்டவைத்தது. சிக்மா, நிக்கான், சோனி எல்லாம் பின்னாலேயே வந்தன.

ஆனாலும் ஒரு கணக்கை எந்தக் கம்பெனியாலும் ஏமாற்ற முடியாது. குவியத்தூரத்தை எஃப் எண்ணால் வகுத்தால் வருவது லென்ஸின் திறப்பு. 600ஐ 6.3ஆல் வகுத்தால் 95 எம்.எம். டாம்ரான் லென்ஸின் முகப்பு ஃபில்டர் அளவும் சரியாக 95! எடை இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. அதையே எஃப் 2.8 ஆக்க நினைத்தால் 214 எம்.எம். கண்ணாடி வேண்டும். சோற்றுத் தட்டு அளவு. தூக்குவது யார்?

முண்டந்துறை 1962லேயே புலிகளுக்கான சரணாலயம். 1976ல் களக்காடு சரணாலயம் வந்தது. இரண்டையும் சேர்த்து 1988ல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். அங்கே கருமந்தியும் சோலைமந்தியும் இருப்பது அடர்ந்த மரக்கிளைகளுக்குள். பகல் பன்னிரண்டு மணிக்கும் உள்ளே அந்தி மாதிரிதான் இருக்கும். 20 மீட்டர் தூரத்தில் 600 எம்.எம். ஃபுல் ஃபிரேமில் 1.2 மீட்டர் அகலத்தைத்தான் காட்டும். பெரிய இருவாச்சி ஒன்று உட்கார்ந்தால் படம் நிறைந்துவிடும். பாதையில் திடீரென்று யானை வந்தால் தும்பிக்கையும் ஒரு காதும்தான் வரும். 40 மீட்டரில் 400 எம்.எம். காட்டுவது 3.6 மீட்டர், முழு யானை அடங்கும்.

ஆகவே என் தீர்ப்பு இப்படி. காட்டுக்கு 100-400, கூடவே யாராவது ஒருவர் 70-200 எஃப் 2.8. எஃப் 5.6ஐ விட அதில் நாலு மடங்கு வெளிச்சம். சுந்தரபாண்டியபுரம் குளம், கூந்தன்குளம் பறவைகள் என்றால் 600 நியாயம். வெட்டவெளி, வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, கூட்டுக்குப் பக்கத்தில் போய்ப் பறவையை விரட்டவும் வேண்டாம். ஆனால் காலை ஒன்பதரைக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் காற்று நெளியும். எத்தனை லட்சம் கொடுத்த லென்ஸிலும் படம் பாயசம்தான்.

ஐந்து பேரும் ஐந்து 600 தவணையில் வாங்குவதைவிட ஒன்றை வாடகைக்கு எடுத்தால் போதும். வனத்துறை அனுமதிக்கு இப்போதே ஒருவர் பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும். ஜீப்பில் முக்காலி விரிக்க இடமிருக்காது. ஆளுக்கொரு துணிப்பை தைத்துக் கொண்டுவந்தால், அரிசி நிரப்பி ஜன்னலில் போட்டு லென்ஸை அதன்மேல் வைத்துக்கொள்ளலாம். அரிசி தென்காசியிலேயே வாங்கிக்கொள்வோம், திரும்பி வரும்போது சமைக்கவும் ஆகும்.