'இன்டர்நேஷனல்' பெயர்ப் பலகைக்குப் பின்னால் நூறு வருட வரலாறு

பள்ளி அட்மிஷன் சீசன் வந்தால் நம் குடியிருப்பில் லிஃப்டிலும் பூங்காவிலும் ஒரே பேச்சுதான்: "இன்டர்நேஷனல் ஸ்கூலில் போடலாமா?" கட்டணத்தைக் கேட்டுத் தயங்குகிறவர்களும் உண்டு, பெயரைப் பார்த்தே முடிவெடுக்கிறவர்களும் உண்டு. முடிவெடுக்கும் முன், இந்தப் பள்ளிகள் எதற்காகப் பிறந்தன என்று தெரிந்துகொள்வது உங்களுக்குப் பயன்படும்.

முதல் உலகப் போர் 1918-ல் முடிந்தது. அதன்பின் நாடுகளின் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் அலுவலகம் அமைத்தன. பல நாட்டு அதிகாரிகள் குடும்பத்தோடு அங்கே குடியேறினார்கள். பிள்ளைகளை எங்கே படிக்க வைப்பது? உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்தால் சொந்த நாடு திரும்பும்போது பாடம் ஒத்துப்போகாது. இன்னொரு கவலையும் இருந்தது. அன்று ஒவ்வொரு நாட்டுச் சரித்திரப் புத்தகமும் பக்கத்து நாட்டைப் பகைவனாகவே காட்டியது. அதையே படித்து வளரும் தலைமுறை மறுபடியும் போருக்குத்தானே போகும்?

இந்தக் கவலையில்தான் 1924-ல் ஜெனீவா சர்வதேசப் பள்ளி தொடங்கியது. அந்த அதிகாரிகளோடு அடோல்ஃப் ஃபெரியர் என்ற சுவிஸ் கல்வியாளரும் கைகோத்தார். முதலில் சேர்ந்தவர்கள் எட்டே பேர். 1929 முதல் 1949 வரை அதை நடத்திய மரி தெரேஸ் மொரெத், பிள்ளைகள் இரண்டு மொழிகளில் புழங்க வேண்டும், ஒரு நாட்டின் கதையாக இல்லாமல் உலகத்தின் கதையாக வரலாறு படிக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். இந்த அனுபவத்தை 1948-ல் யுனெஸ்கோவுக்காக எழுதியும் கொடுத்தார்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. பள்ளிப் படிப்பு முடிந்ததும் பிரெஞ்சு மாணவர் பிரான்சின் தேர்வை எழுத வேண்டும், ஆங்கிலேயர் பிரிட்டனின் தேர்வை, அமெரிக்கர் அமெரிக்கத் தேர்வை. ஒன்றாக வளர்ந்த பிள்ளைகள் கடைசி இரண்டு வருடம் தேர்வுக்காகப் பிரிந்து உட்கார வேண்டியிருந்தது. எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கிற ஒரே தேர்வு வேண்டும் என்று ஆசிரியர்களே முயன்றதன் பலன்தான் 1968-ல் ஜெனீவாவில் உருவான இன்டர்நேஷனல் பேக்கலரியேட், சுருக்கமாக ஐ.பி. அதன் முதல் தலைமை இயக்குநர் அலெக் பீட்டர்சன், பதினாறு வயதிலேயே மாணவரை இரண்டு மூன்று பாடங்களுக்குள் அடைத்துவிடும் இங்கிலாந்து முறையை எதிர்த்தவர். அதனால்தான் ஐ.பி. டிப்ளமோவில் ஆறு பாடங்கள், 4,000 சொற்கள் வரையிலான ஆய்வுக் கட்டுரை, 'நமக்குத் தெரியும் என்பது எப்படித் தெரியும்' என்று யோசிக்க வைக்கும் பாடம், சமூக சேவை எல்லாம் கட்டாயமாயின.

நம் மாநிலத்துக்கும் இதில் இடமுண்டு. கொடைக்கானலில் 1901-ல் அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிதான், 1976-ல் இந்தியாவிலேயே முதலாவதாக ஐ.பி. கல்வியைக் கொண்டுவந்தது.

இந்த வரலாற்றிலிருந்தே நன்மைகளும் புரியும். தானாகத் தேடிப் படித்து எழுதும் பழக்கம் கல்லூரிக்கு முன்பே வந்துவிடுகிறது. வேறு நாடு, வேறு மதப் பிள்ளைகளோடு வாதாடவும் ஒத்துப்போகவும் கற்கிறார்கள். பெற்றோருக்கு நாடு விட்டு நாடு மாற்றல் வந்தால் படிப்பு அறுபடுவதில்லை.

ஆனால் பெயர்ப் பலகை மட்டும் இவற்றைத் தந்துவிடாது. 'இன்டர்நேஷனல்' என்று பெயர் வைத்துக்கொண்டு சிபிஎஸ்இ பாடம் நடத்தும் பள்ளிகள் ஏராளம். சிபிஎஸ்இ குறைவானது என்று சொல்லவில்லை. பெயருக்காகக் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டுமா என்பதே கேள்வி. ஆகவே, பள்ளிக்குப் போகும்போது மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

முதலாவது, எந்த வாரியம்? ஐ.பி.யா, கேம்பிரிட்ஜா, சிபிஎஸ்இயா? எந்த வகுப்பு வரை அங்கீகாரம் உண்டு?

இரண்டாவது, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகு என்ன? நீட் எழுத இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் வேண்டும். ஐ.பி.யின் வழக்கமான பாட அமைப்பில் மூன்றையும் சேர்த்து எடுக்க முடியாது. பள்ளி மூலம் தனி அனுமதி பெற வேண்டும். பதினோராம் வகுப்பில் இது தெரிய வந்து தவிப்பதைவிட இப்போதே கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, தமிழுக்கு இடம் உண்டா? ஜெனீவாவில் இரண்டு மொழிகளை வலியுறுத்தியது, தாய்மொழியைக் கைவிடுவதற்காக இல்லை. பள்ளியில் ஆசிரியர் இல்லாவிட்டாலும் தாய்மொழி இலக்கியத்தைப் பள்ளியின் துணையோடு தானே படிக்க ஐ.பி.யில் வழி இருக்கிறது. பாட்டியிடம் பேச மொழிபெயர்ப்பாளர் தேவைப்படும் பிள்ளையை உலகக் குடிமகன் என்று எப்படிச் சொல்வது?

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். எட்டுப் பிள்ளைகளோடு தொடங்கிய அந்தப் பள்ளி, பெரிய கட்டிடத்தாலோ நீச்சல் குளத்தாலோ பெயர் வாங்கவில்லை. அடுத்த நாட்டுப் பிள்ளையை எதிரியாகப் பார்க்காத பிள்ளைகளை வளர்க்கத்தான் அதைத் தொடங்கினார்கள். அந்த நோக்கம் இருக்கும் பள்ளி எந்த வாரியமாக இருந்தாலும் நல்ல பள்ளியே. கட்டணம் கைக்கு எட்டாத வீடுகளிலும், நம் குடியிருப்பில் வேறு மொழி பேசும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு விளையாட அனுப்புவதில் அந்தக் கல்வியை இன்றே தொடங்கலாம்.